ஆறு செல்லும் ஒரு கண்ணும்

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு என் போன் அடித்தால், யார் என்று பார்க்காமலே விஷயத்தைச் சொல்லிவிடுவேன். “அண்ணே, செல்ஃப் எடுக்கல.” சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெயிலில் நின்ற வண்டியாக இருக்கும். ஒரகடத்துக் கம்பெனியில் ஏழு மணி ஷிப்டு. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி.

‘செல்ஃப்’ என்ற இந்தச் சொல்லை ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கிலீஷ் தெரியாத டிராக்டர் ஓட்டுநரும் சொல்வார், இன்ஜினியரிங் படித்த பையனும் சொல்வான். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் செய்த ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ 1912-ல் காடிலாக் காரில் வந்தது. அதன் வால் எங்கேயோ அறுந்துபோய், தலை மட்டும் நம் மெக்கானிக்குகளின் வாயில் தங்கிவிட்டது. அதற்கு முன்னால் காரைக் கிளப்ப வேண்டுமென்றால், முன்பக்கம் குனிந்து இரும்பு ஹேண்டிலை மாட்டிச் சுற்ற வேண்டும்.

கெட்டரிங் ஒழித்த ஹேண்டில் நம் ஊரில் அவ்வளவு சீக்கிரம் ஒழியவில்லை. நான் தொழிலுக்கு வந்த 1977-லும் அம்பாசடர் டிக்கியில் ஜாக்கியோடு ஹேண்டிலும் கிடக்கும். பேட்டரி படுத்தால் அதுதான் கதி. கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், இன்ஜின் திருப்பி உதைக்கும்போது கட்டைவிரல் போய்விடும். பேட்டரிக் கடையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: பேட்டரி இல்லாமல் வண்டி எடுப்பது எப்படி.

எனக்குச் சொந்த ஊர் சிங்கப்பெருமாள் கோவில். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில், செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால். பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் செய்த நரசிம்மர் கோயில் இருப்பதால் ஊருக்கு இந்தப் பெயர். பாடலாத்ரி என்பார்கள். இங்கிருந்து ரயில் பாதையைத் தாண்டி மேற்கே பிரியும் ரோடு ஆப்பூர், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிறது. இன்றைக்கு அது கண்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓயாத ரோடு. என் சிறு வயதில் இருபுறமும் ஏரி, வயல், புளியமரம். மாலையில் ஆடு ஓட்டி வருகிறவர்களுக்கு வண்டிகள் வழிவிட்டுப் போகும்.

கார்த் தொழிலே தெரியாத சீமை என்றும் சொல்லிவிட முடியாது. அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அங்கிருந்துதான் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று பெரிய கார் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூன்றே வருஷத்தில், 1988-ல், உற்பத்தி நின்றுபோனது. ஒரு கார் கம்பெனி மூடினால் சுற்றிலும் இருக்கிற சின்னக் கடைகளுக்கு என்ன ஆகும் என்பதை நான் முதலில் பார்த்தது அப்போதுதான்.

பத்தாவதில் தவறிய கையோடு என்னைத் தாம்பரத்தில் ஒரு பேட்டரிக் கடையில் சேர்த்துவிட்டார் அப்பா. மேஸ்திரிக்கு அப்போதே அறுபது வயது. தினமும் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருவார். கடைக்குள் நுழைந்ததும் அதை அவிழ்த்து மடித்து ஆணியில் மாட்டிவிட்டு, சல்லடையாக ஓட்டை விழுந்த காக்கிக் கால்சட்டைக்கு மாறுவார். ஆசிட் பருத்தித் துணியில் தெறித்தால் அப்போது தெரியாது. வீட்டில் துவைத்துப் பிழியும்போதுதான் ஓட்டை ஓட்டையாகக் கழன்று வரும். சேர்ந்த முதல் மாதத்தில் என்னுடைய இரண்டு சட்டைகள் அப்படிப் போயின. “டேய் தம்பி, இந்தத் தொழில்ல சம்பளம் வர்றதுக்கு முன்னாடி சட்டை போயிடும்” என்றார் மேஸ்திரி.

அந்தக் காலத்துப் பேட்டரியை இப்போதைய பையன்களுக்கு விளக்குவது கஷ்டம். பெட்டி கறுப்பு ரப்பரால் ஆனது. சைக்கிள் டியூப் ரப்பர் இல்லை, கந்தகம் சேர்த்து வேகவைத்துக் கல் மாதிரி இறுக்கிய ரப்பர். கீழே போட்டால் உடையும். உள்ளே தனித்தனி அறை, அறைக்கு ஒரு செல். ஒரு செல்லுக்கு 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆறு செல் சேர்ந்தால் 12 வோல்ட். செல்லுக்குச் செல் இணைக்கிற ஈயக் கட்டைகள் மேலேயே தெரியும். சுற்றிலும் தார் ஊற்றி அடைத்திருப்பார்கள். அதாவது அது திறக்கக்கூடிய பேட்டரி. திறந்து பழுது பார்ப்பதுதான் எங்கள் தொழில். இன்றைக்குப் பேட்டரிக் கடை என்றால் விற்கிற கடை. அன்றைக்கு அது ஆபரேஷன் தியேட்டர்.

ஒரு பேட்டரியைத் திறப்பதை அருகில் நின்று பாருங்கள். முதலில் மூடிகளைக் கழற்றி, பெட்டியைச் சாய்த்து, ஆசிட்டைப் பீங்கான் ஜாடியில் வடிப்போம். மேலே நிற்கிற வாயு போக ஒவ்வொரு செல்லிலும் வாயால் ஊதுவோம். அதைச் செய்யாமல் புளோ லாம்ப் பக்கம் போனால் வெடிக்கும். பிறகு தாரை மெல்லச் சூடு காட்டி இளக்கி, தகட்டுக் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். ஈயக் கட்டையை ரம்பத்தால் அறுத்தால் செல் தனியாகக் கையோடு வரும். உள்ளே பிளேட்டுகள் புத்தகப் பக்கம் மாதிரி மாற்றி மாற்றி நிற்கும். பாசிட்டிவ் பிளேட் காப்பிப் பொடி நிறம், நெகட்டிவ் சாம்பல் நிறம். இரண்டும் ஒட்டாமல் இருக்க நடுவில் மெல்லிய மரத்தகடு. அடியில் சேறு. பாசிட்டிவ் பிளேட்டிலிருந்து உதிர்ந்த மாவு அது. சேறு மேலே ஏறிப் பிளேட்டைத் தொட்டால் செல் ஷார்ட்டாகிவிடும். “செல் போயிடுச்சு” என்று நாங்கள் சொல்வதற்கு முக்கால்வாசி அர்த்தம் அந்தச் சேறுதான்.

கெட்ட பிளேட்டைக் கழித்துவிட்டு, புது பிளேட்டை ஈயக் குச்சி உருக்கிப் பற்றவைத்து, திரும்ப இறக்கி, தார் ஊற்றி, புது ஆசிட் விட்டு, முதல் சார்ஜை மிக மெல்லப் போட வேண்டும். ஆசிட் கலக்குவது மேஸ்திரி மட்டும்தான். தண்ணீரில் ஆசிட்டைச் சிறுகச் சிறுக விட்டுக் கட்டையால் கலக்குவார். மாற்றி ஊற்றினால், அதாவது ஆசிட்டில் தண்ணீரை விட்டால், கொதித்து முகத்தில் அடிக்கும்.

இதில் பெருமை மட்டும் பேசினால் பொய்யாகிவிடும். அது ஈயத் தொழில். ஈயப் பொடி கையில், நகத்தில், மூச்சில். சாப்பிடுவதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் இலை முன்னால் உட்காரக்கூடாது என்று மேஸ்திரி அடித்துச் சொல்வார். வெல்லம் தின்றால் ஈயம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. சோப்புச் சரி, வெல்லம் வெறும் நம்பிக்கை. கடைசிக் காலத்தில் அவருக்குக் கை நடுங்கியது. வயிற்றுவலி என்று அடிக்கடி சுருண்டு படுப்பார். வயசாகிவிட்டது என்றோம். இன்றைக்கு யோசித்தால் வயசு மட்டும் என்று தோன்றவில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருக்கிற ரசாயனம் 1859-ல் பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தது. ஈயத் தகடு இரண்டு, நடுவே கந்தக அமிலம். 1881-ல் கமீய் ஃபோர் ஈயத் தகட்டின் மேல் ஈயப் பசையை அப்பி, அதிகச் சார்ஜ் பிடிக்கிற மாதிரி செய்தார். பசை தடவிய அந்தப் பிளேட்தான் இன்றைக்கும் காரில் இருக்கிறது. கார் வருவதற்கு முன்பே பேட்டரி வந்துவிட்டது என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். இந்தியாவில் எக்ஸைடு பேட்டரி 1940-களின் பிற்பாதியில் கல்கத்தா பக்கம் ஷியாம்நகரில் தயாராக ஆரம்பித்தது. சென்னையில் கிண்டியில் ஸ்டாண்டர்ட் பேட்டரிஸ் தொழிற்சாலை இருந்தது. 1998-ல் அதையும் எக்ஸைடே வாங்கியது. சென்னையிலேயே பாடி என்ற இடத்தில் 1960-களின் தொடக்கத்தில் வந்த லூகாஸ் டி.வி.எஸ். செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் செய்தது. தாம்பரம் கடையில் எங்களுக்கு எதிரிகளும் கூட்டாளிகளும் இவர்கள்தான்.

டைனமோ என்றேன். அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பழைய பேட்டரிப் பராமரிப்பு புரியாது. இப்போதைய ஆல்டர்னேட்டர், வண்டி சிக்னலில் நிற்கும்போதும் சார்ஜ் ஏற்றும். டைனமோ அப்படியில்லை. இன்ஜின் வேகமெடுத்தால்தான் அது உற்பத்தி செய்யும். நின்றால் பேட்டரியிலிருந்து திரும்பிப் பாயாமல் இருக்க நடுவில் ‘கட்அவுட்’ என்று ஒரு சின்னப் பெட்டி. தமிழ்நாட்டில் கட்அவுட் என்றால் ஊருக்கு வானளாவ நிற்கிற தலைவர்தான்; எங்களுக்கு மட்டும் அது உள்ளங்கை அளவு ரிலே. ராத்திரி ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஊருக்குள் மெதுவாகப் போகிற காரில் பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும். அதனால் அந்தக் காலத்து டிரைவருக்குப் பேட்டரி ஞாபகம் எப்போதும் உண்டு. பழைய சீமை வார்ப்பு வண்டிகளில் இன்னொரு வில்லங்கம், பாசிட்டிவ் எர்த். பாடிக்குப் போகிற ஒயர் நெகட்டிவ் இல்லை, பாசிட்டிவ். தெரியாமல் மாற்றிக் கொடுத்து அடி வாங்கிய கதை என் தலைமுறை மெக்கானிக் ஒவ்வொருவரிடமும் இருக்கும்.

அப்போது பேட்டரியைக் கவனிப்பது ஒரு வழக்கமாகவே இருந்தது, வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்குகிற மாதிரி. வாரம் ஒருமுறை டிரைவர் மூடி ஆறையும் திறந்து பார்ப்பார். பிளேட்டுக்கு மேல் அரை அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில் வாட்டர். ஆசிட் விடக்கூடாது, ஏனென்றால் ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரும் கூடாது. எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடத்தில் ஒரு வாரம் வைத்தாலே வெள்ளையாக உப்புப் படியும். அது பிளேட்டில் படிந்தால் என்ன ஆகும்! மேஸ்திரி ஐப்பசி மழையில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மூன்றாவது மழையை வெட்டவெளியில் கண்ணாடி ஜாடி வைத்துப் பிடிப்பார். டிஸ்டில் வாட்டர் கிடைக்காத நாளுக்கு அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் பல்பு, உள்ளே மிதக்கிற ஒரு சின்ன மிதவை. பல்பை அமுக்கி விட்டால் ஆசிட் ஏறும், மிதவை தூக்கும். தண்ணீரைவிட அந்த ஆசிட் எத்தனை மடங்கு கனம் என்பதே கணக்கு. ‘ஆயிரத்து இருநூற்று ஐம்பது’ என்று வாசிப்போம், அதாவது 1.250. அதற்கு மேல் இருந்தால் தெம்பு. 1.200 பக்கம் வந்தால் பாதி வயிறு. 1.150-க்கு இறங்கினால் பட்டினி. குளிர்நாட்டில் ஆசிட்டை இன்னும் கெட்டியாக ஊற்றுவார்கள். நம் வெயிலுக்குக் கொஞ்சம் நீர்க்க ஊற்றினால்தான் பிளேட் தாங்கும். மேஸ்திரி ஆறு செல்லையும் பார்ப்பார். ஐந்து செல் ஒரே மாதிரி காட்டி ஒன்று மட்டும் இறங்கியிருந்தால், சார்ஜ் போட்டுப் பயனில்லை, அந்தச் செல்லைத் திற என்பார். “ஆறு பேர் தூக்குற பல்லக்குடா இது. ஒருத்தன் காலு மடங்கினா சாமி சாஞ்சிரும்.”

1985-ல் ஊர் திரும்பி, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பத்துக்குப் பன்னிரண்டு இடத்தில் கடை போட்டேன். இடத்தைப் பார்த்துத்தான் போட்டேன். கேட் மூடினால் லாரியும் பஸ்ஸும் வரிசையாக இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கும். கேட் திறந்ததும் அதில் ஒன்றாவது எடுக்காது. பின்னால் நிற்கிறவன் ஹார்ன் அடிப்பான், இறங்கித் திட்டுவான், நாலு பேர் சேர்ந்து தள்ளி என் கடை வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். விளம்பரமே தேவைப்படவில்லை.

வண்டி மட்டும் என்றில்லை. மைக் செட்காரர்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரி வாடகைக்கு எடுப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றுவது எல்லாவற்றுக்கும் என் பேட்டரி போயிருக்கிறது. ஆடி மாதம் முழுக்க சார்ஜ் பலகை காலியாகவே இருக்காது. தேர்தல் வந்தால் இரண்டு கட்சிப் பேட்டரியும் என் பலகையில் ஒரே ஒயரில் கோத்துச் சார்ஜ் ஆகும். கரண்ட்டுக்குக் கட்சி கிடையாது.

என் தழும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1991-ல், அவசரத்தில், ஒரு லாரியில் பாசிட்டிவ் ஒயரை முதலில் கழற்றப் போனேன். ஸ்பேனர் முனை பாடியில் பட்டது. பாசிட்டிவ்வையும் பாடியையும் ஸ்பேனர் பாலம் போட்டுவிட்டது. பொறி பறந்தது. அந்தப் பேட்டரி அப்போதுதான் சார்ஜிலிருந்து வந்தது, உள்ளே ஹைட்ரஜன் வாயு நிற்கிறது. வெடித்தது. மூடிகள் கூரையில் அடித்தன. முகத்தில் ஆசிட். நல்லவேளை, பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்தார். கால் மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தார். கண் தப்பித்தது, தாடையில் தழும்பு நின்றது. தப்பு முழுக்க என்னுடையது. நெகட்டிவ் முதலில் கழற்று, கடைசியில் மாட்டு என்று மேஸ்திரி ஆயிரம் தடவை சொன்னது. நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டால் பாடிக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் அறுந்துவிடும்; பிறகு பாசிட்டிவ்வில் இருக்கிற ஸ்பேனர் பாடியில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது.

பிறகு கம்பெனிகள் வந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ. 1999-ல் எங்களுக்கு அடுத்த மறைமலை நகரில் ஃபோர்டு ஐக்கான். 2002-ல் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. 2007-ல் அதற்குள்ளேயே பி.எம்.டபிள்யூ. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. புளியமரங்கள் போயின, ரோடு அகன்றது. என் கடை முன்னால் வருஷத்துக்கு நூறு கார் நின்ற காலம் போய், நாளைக்கு அவ்வளவு போக ஆரம்பித்தது. நான் பணக்காரனாகியிருக்க வேண்டும். ஆனால் அதே வருஷங்களில்தான் என் கைத்தொழில் செத்தது.

காரணம், பேட்டரி மாறிவிட்டது. ரப்பர் பெட்டி போய் பிளாஸ்டிக் பெட்டி. மூடியைச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள், திறந்தால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். பழைய பிளேட்டுக்கு உறுதி வர ஈயத்தோடு ஆன்டிமனி சேர்ப்பார்கள். அந்த ஆன்டிமனிதான் சார்ஜ் ஏறும்போது தண்ணீரை வாயுவாக்கி விரட்டும். அதற்குப் பதில் கால்சியம் சேர்த்தார்கள், தண்ணீர் செலவு வெகுவாகக் குறைந்தது. திருப்பதிப் பக்கத்து அமர ராஜா 2000-ல் அமரான் என்று பச்சை நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. பராமரிப்பே வேண்டாம் என்றார்கள். 2001-ல் சர்க்கார் விதி வந்தது: விற்கிறவன் பழைய பேட்டரியைத் திருப்பி வாங்கி, பதிவு பெற்ற ஆலைக்கே அனுப்ப வேண்டும். நியாயமான விதி. பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம். தோட்டத்து மூலையில் உருக்கினால் அந்த மண்ணும் கிணறும் பாழ். மேஸ்திரியின் கை நடுக்கம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. புளோ லாம்பை அன்றைக்கே மேலே பரணில் போட்டேன்.

வந்த பேட்டரி நல்ல பேட்டரி, குறை சொல்ல மாட்டேன். வந்த நம்பிக்கைதான் தப்பு. முதலாவது, அந்தப் பேட்டரியின் தலையில் ஒரு சின்னக் கண் உண்டு. பச்சையாகத் தெரிந்தால் சரி, கறுத்தால் சார்ஜ் போடு, வெளுத்தால் மாற்று. எங்கள் கோயிலில் நரசிம்மருக்கு நெற்றிக்கண் உண்டு. அர்ச்சகர் திருமண்ணை விலக்கி, கற்பூர ஆரத்தி காட்டிக் காண்பிப்பார். அந்தக் கண் எல்லாவற்றையும் பார்க்கும். பேட்டரிக் கண் அப்படியில்லை. அது ஒரு குட்டி ஹைட்ரோமீட்டர், ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லில் மட்டும் வைத்திருக்கிறார்கள். மற்ற ஐந்தில் எது மடங்கினாலும் அதற்குத் தெரியாது. “கண்ணு பச்சையா இருக்கே, எப்படிண்ணே பேட்டரி போச்சுன்றீங்க?” என்று கேட்காத ஆள் இல்லை. பல்லக்குக் கதையைத் திரும்பச் சொல்வேன்.

இரண்டாவது, வெயில். குளிர்நாட்டில் குளிர் காலையில் பேட்டரி எடுக்காது. நமக்கு வெயில்தான் சத்துரு. சூடு பத்து டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது தொழிலில் கைக்கணக்கு. கம்பெனி பார்க்கிங்கில் கத்திரி வெயிலில் நிற்கிற வண்டிக்குள் பிளேட்டின் சட்டம் மெல்ல அரிக்கும். வாரன்ட்டி முடிந்த மறுமாதம் பேட்டரி போகிறது என்று திட்டுகிறவர்கள், அது எங்கே நின்றது என்று யோசிப்பதில்லை. நிழல் என்பது பேட்டரிக்கும் மருந்து.

மூன்றாவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது 2020. மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. மே 31 வரை எண்ணினால் 68 நாள். இந்தக் காலத்துக் கார் அணைத்த பிறகும் தூங்குவதில்லை. அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். சின்னக் கார்ப் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர். ஒரு மாதத்தில் காலி. காலியான பேட்டரி அப்படியே கிடந்தால் பிளேட்டில் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகும். பிறகு சார்ஜ் ஏறாது. ஜூன் மாதம் என் கடை வாசலில் வரிசை நின்றது. நல்ல பேட்டரிகள், வயசு ஒன்றரை, இரண்டு. எல்லாம் பட்டினியால் செத்தவை. நெகட்டிவ் ஒயரை மட்டும் கழற்றி வைத்திருந்தால் பாதியைக் காப்பாற்றியிருக்கலாம்.

தினமும் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைத்தேனே என்றார் ஒருவர். சாவியைத் திருப்பும் அந்த இரண்டு மூன்று விநாடி செல்ஃப் 150, 200 ஆம்பியர் இழுக்கும். விநாடிக் கணக்கில் என்பதால் அது பெரிய செலவு இல்லை. ஆனால் இன்ஜினை நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் ஓட்டினால், ஏசியும் ஃபேனும் எடுத்தது போக மிஞ்சுவது கொஞ்சம். வாரம் ஒருமுறை அரை மணி, முக்கால் மணி ரோட்டில் ஓட்டுங்கள் என்பேன். ஹெட்லைட் மறந்துவிட்டுப் போனால் கணக்கே வேறு: இரண்டு பல்பு சேர்ந்து 9 ஆம்பியர், நாலு மணி நேரத்தில் பேட்டரி முடிந்தது.

இப்போது என் கையில் மீட்டர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் 12.6 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்கு இறங்கினால் உடனே சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை வர வேண்டும். வராவிட்டால் பேட்டரியைத் திட்டாதீர்கள், ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். டெர்மினல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், நெகட்டிவ்வை முதலில் கழற்றிவிட்டு, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துக் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். எடுக்காத வண்டிகளில் கணிசமானவை இந்தப் பூவால்தான் எடுக்காமல் இருக்கின்றன. ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்பூன் ஆப்பசோடாவும் போதும் என்று சொன்னால், பேட்டரி விற்கிறவன் இப்படிச் சொல்கிறானே என்று சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

என் மகன் ஒரு கார்க் கம்பெனியில் லைனில் வேலை பார்த்தவன். பேட்டரி மாட்டுகிற இடத்தில் கொஞ்ச நாள் நின்றான். நின்ற இடத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்குமாம்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். “நீங்க வீட்டுல கத்துற அதேதாம்ப்பா” என்றான். தாம்பரத்து மேஸ்திரியின் குரல் ஒரகடம் வரைக்கும் வந்துவிட்டது என்று எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022-ல் மறைமலை நகரில் உற்பத்தியை முடித்தபோது, வண்டலூர் ஸ்டாண்டர்ட் கம்பெனி மூடிய வருஷம் திரும்ப வந்த மாதிரி இருந்தது. டீக்கடையில் அதே முகங்கள், அதே பேச்சு. கார் கம்பெனி வரும், போகும். ரோட்டில் ஏற்கெனவே ஓடுகிற வண்டி போகாது, அதற்கு ஆள் வேண்டும். என் கடை நிற்பது அந்தக் கணக்கில்தான்.

இந்த வருஷம் தை மாதத்தில் ஒரு நாள் மஹிந்திரா சிட்டிப் பக்கமிருந்து போன். எலக்ட்ரிக் கார். கதவே திறக்கவில்லை, திரை விழிக்கவில்லை. “லித்தியம் பேட்டரி முக்கால்வாசி இருக்குண்ணே, ஆப்ல காட்டுது. ஆனா வண்டி செத்துக் கிடக்கு” என்றான் பையன். போய், சாவியால் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கினேன். மூலையில் நம்ம ஆள் உட்கார்ந்திருந்தான்: 12 வோல்ட், ஈயம், ஆசிட், ஆறு செல். அவன் எழுப்பிவிட்டால்தான் அந்தப் பெரிய பேட்டரியே வேலைக்கு வரும். மீட்டர் வைத்தேன், 10.4. ஆறில் ஒன்று போன கணக்கு. தலையிலிருந்த கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது.

பையன் குனிந்து பார்த்துவிட்டு, “பச்சையா இருக்கே அண்ணே” என்றான்.

“பல்லக்குத் தூக்குறவங்களை எண்ணத் தெரியுமா தம்பி?” என்று ஆரம்பித்தேன்.